அண்ணாவின் கொப்பியில் இருந்த பகிடி

வாசகர் கடிதம்

"நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். வயது 46. காலையில் பாடசாலை, மாலையிலும் சனி, ஞாயிறு நாள்களிலும் தனியார் கல்வி நிலையங்கள். ஒரு காலத்தில் என் வகுப்பில் இடம் கேட்டுப் பெற்றோர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்தவன் நான், உழைப்புக்கு அஞ்சியதில்லை. இன்றைக்கும் அதிகாலை 4.30க்கு எழுந்தால் இரவு 10 மணிக்குத்தான் வீடு. ஆனால் இரண்டு மூன்று வருடங்களாக ஏதோ சரியில்லை. பெறுபேறுகள் பெரிதாக விழவில்லை. வகுப்பில் உயிர் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கும் எண்ணமே கிடையாது. போன மாதம் ஒரு மாணவியின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். நான் இன்னும் சொல்லாத ஒரு பகுதிக்கு நேரே, ஓரத்தில், 'இங்கே சேர் பகிடி விடுவார்' என்று எழுதியிருந்தது. அவளுடைய அண்ணாவும் என்னிடம் படித்தவன். அவனுடைய கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறாள். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மகள் பத்தாம் தரம். விஞ்ஞானத்தில் சந்தேகம் வந்தால் வேறொரு ஆசிரியரிடம் போகிறாள். 'உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் ஒரு வகுப்பே எடுப்பீர்கள் அப்பா' என்கிறாள். வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி என்று மனைவி என்னைச் சொல்கிறார். படிக்கும் எண்ணமில்லாத பிள்ளைகளுக்காக ஏன் இப்படி ஓடுகிறேன் என்று எனக்கே சில நாள் தோன்றுகிறது. சிலர் கடைசிவரை தங்கள் தொழிலில் சிறந்து நிற்கிறார்களே, அவர்களை எது தாங்குகிறது? திறமை வயதோடு வற்றிவிடுமா? இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டுமா? நண்பர் ஒருவர் சொந்தமாக ஒரு கல்வி நிலையம் தொடங்கச் சொல்கிறார். வீட்டுக் கடன் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. தொடங்கலாமா?"

— ஓர் ஆசிரியர், வலிகாமம்

உளவளத்துணையாளரின் பதில்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாணவியின் கொப்பியைப் பற்றி எழுதிவிட்டு, "சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை. கடந்த சில வருடங்களில் உங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த நேர்மையான மதிப்பீடு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை எழுதிய பிள்ளையிடம் கேலி இல்லை. தனக்கு எது எப்போது வரும் என்பதைக் குறித்துவைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அண்ணாவின் வருடத்துக்கும் தங்கையின் வருடத்துக்கும் இடையில் உங்கள் வகுப்பில் எதுவும் நடக்கவில்லை என்பதை அந்தச் சிறு வரி சொல்கிறது.

வயதைப் பற்றிய பயத்தை முதலில் ஒதுக்கிவைப்போம். 46 வயதில் மூளையின் வேகம் இருபதில் இருந்த அளவுக்கு இராது. புதிய எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கிடும் விரைவு சற்றுக் குறையும். ஆனால் சேர்ந்த அறிவும், ஒரு பிரச்சினையைப் பார்த்தவுடன் அதன் வகையைப் பிரித்தறியும் ஆற்றலும் ஐம்பதுகளிலும் அதற்குப் பின்னும் நன்றாகவே இருக்கும். கற்பித்தல் இந்த இரண்டாவது வகைத் தொழில். வற்றுகிற வயதில் நீங்கள் இல்லை.

கூடுதலாக உழைக்க வேண்டுமா என்ற கேள்விதான் சிக்கலானது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகும். பழகிய கை யோசிக்காமல் ஓடும். உங்களுக்கு அது ஒரு கட்டத்தில் பெரிய வரமாக இருந்திருக்கும்: குறிப்பைப் பார்க்காமல் வெண்பலகையில் எழுதிக்கொண்டே போகலாம், பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். ஆனால் யோசிக்காமல் ஓடும் கைக்குத் தன் பிழை தெரியாது. அதே வேலையை இன்னும் இரண்டு மணிநேரம் கூட்டிச் செய்தால், அதே பிழையையும் இரண்டு மணிநேரம் கூட்டிச் செய்வோம்.

இது என் ஊகம் என்று எண்ண வேண்டாம். 2005-இல் அமெரிக்காவில் சில மருத்துவ ஆய்வாளர்கள், வைத்தியர்களின் அனுபவ வருடங்களுக்கும் அவர்கள் தரும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பை அளந்த 62 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அனுபவம் கூடக் கூடத் தரமும் கூடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். அவற்றில் 32 மதிப்பீடுகளில் அளக்கப்பட்ட எல்லா அம்சங்களிலும் தரம் குறைந்திருந்தது. எல்லா அம்சங்களிலும் கூடியதாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நரைத்த வைத்தியரிடம் போனால்தான் நோய் தீரும் என்று நம்பும் நம் ஊருக்கு இது கசப்பான செய்தி.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிய நோயாளி திரும்பி வராவிட்டால், குணமாகிவிட்டார் என்று வைத்தியர் எடுத்துக்கொள்வார். வேறு வைத்தியரிடம் போயிருக்கலாம், வீட்டில் அவதிப்பட்டுக்கொண்டிருக்கலாம். தன் முடிவு சரியா தவறா என்ற செய்தி அவருக்குத் திரும்பி வருவதே இல்லை. சத்திரசிகிச்சை செய்பவருக்கு அப்படியில்லை. இரத்தம் கசிந்தால் அந்த நிமிடமே கண்முன் தெரியும். செய்தி உடனே திரும்பி வருகிற தொழில்களில் அனுபவம் திறமையாக மாறுகிறது. திரும்பி வராத தொழில்களில் அனுபவம் வெறும் வருடக் கணக்காகத் தேங்கிவிடுகிறது.

உங்களுக்கு எந்தச் செய்தி திரும்பி வருகிறது? வருடத்துக்கு ஒருமுறை உயர்தரப் பெறுபேறு. அதை நம்பித்தான் "பெரிதாக விழவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அந்தக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாது. பெயர்பெற்ற ஆசிரியரிடம் கெட்டிக்காரப் பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்கிறார்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் மட்டும் படிப்பதுமில்லை. பெறுபேறு வந்த வாரத்தில் நம் சந்திகளில் நின்று பாருங்கள்: ஒரே பிள்ளையின் படம் இரண்டு மூன்று நிலையங்களின் பதாகைகளில் சிரித்துக்கொண்டிருக்கும். மூன்று பேரும் "எங்கள் மாணவன்" என்று எழுதியிருப்பார்கள். மூன்று பேர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவர்களில் யாருடைய வகுப்பு அவனுக்குப் பயன்பட்டது என்பது அந்தப் பதாகைக்குத் தெரியாது. பாடசாலையில் கற்பித்தவரின் பெயர் எந்தப் பதாகையிலும் வருவதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் துறையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. எரிக் மசூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1984-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் அவருக்கு உயர்ந்த மதிப்பீடு கொடுத்தார்கள். பரீட்சைகளில் கடினமான கணக்குகளைச் செய்தார்கள். தான் சிறந்த ஆசிரியர் என்று அவர் நம்புவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. 1990 அளவில், அரிசோனாவைச் சேர்ந்த ஹலூன், ஹெஸ்டினிஸ் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு அவர் கண்ணில் பட்டது. பௌதிகவியல் படித்து முடித்த மாணவர்களிடம்கூட விசையையும் இயக்கத்தையும் பற்றிய பழைய தவறான எண்ணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அது சொன்னது. தன் மாணவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்து, கணக்கே இல்லாத எளிய கேள்விகள் அடங்கிய சோதனையை அவர் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, இதற்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாள். சோதனை முடிவும் அந்தக் கேள்வி எச்சரித்த மாதிரியே மோசமாக வந்தது.

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். நேர் மேலே எறியப்பட்ட பந்து உச்சியில் கணநேரம் நிற்கிறது. அப்போது அதன் ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், என்ன? மூன்று இயக்கச் சமன்பாடுகளையும் தூக்கத்தில் சொல்லக்கூடிய பிள்ளைகளில் எத்தனை பேர் பூச்சியம் என்று பிழையாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். வேகம் பூச்சியமானால் எல்லாமே பூச்சியம் என்ற எண்ணம் அவர்கள் உங்களிடம் வரும்போதே அவர்களுடன் வருகிறது. பலரிடம் அது உங்கள் வகுப்பையும் கடந்து, பல்கலைக்கழகம் வரை போகிறது. மசூர் விரிவுரையைக் குறைத்தார். ஒரு கேள்வியைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் தனியே விடை எழுதவைத்து, பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதாடச் சொன்னார். அவருடைய பெயர் இன்றும் நிலைப்பதற்குக் காரணம் அந்த மாற்றம்தான்.

சிறந்து நிற்பவர்களை எது தாங்குகிறது என்று கேட்டீர்கள். என்னிடம் இருக்கும் விடை இது: அவர்களுடைய பிழையைச் சொல்லக்கூடிய ஒருவர் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கிறார், அதைக் கேட்டுத் தாங்கிக்கொள்ளும் தெம்பையும் அவர்கள் எப்படியோ மிச்சம்பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நம் மண்ணில் இதற்கு முன்மாதிரி உண்டு. சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. 1868-இல் தொல்காப்பியத்தின் பழைய உரையாகிய சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது, ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்த பிரதியைத்தான் அவர் அச்சுக்குக் கொடுத்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத ஒருவர் திருத்திய பிரதி அது. அதன் பின்னர் உத்தியோகம், வழக்கறிஞர் தொழில், நீதிபதிப் பதவி என்று வாழ்க்கை ஓடிய வருடங்களிலும் ஏடுகளை ஒப்புநோக்கும் வேலையைத் தாமோதரம்பிள்ளை விடவில்லை. 1887-இல் அவர் பதிப்பித்த கலித்தொகை வந்தபோது அவருக்கு 55 வயது. ஒரு பிரதியோடு நின்றுவிடாமல் பல இடத்து ஏடுகளையும் தேடி ஒப்பிடுவதென்பது, தன் கையில் இருப்பது பிழையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தினமும் உயிரோடு வைத்திருப்பது. அப்படி ஒருவருக்குத் தொழில் சலித்துப்போக நேரம் இருக்காது.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். எல்லாவற்றையும் மாற்றப் போகாதீர்கள். பரீட்சைக்கு நிற்கும் பிள்ளைகளின் வருடத்தில் விளையாடக் கூடாது. அடுத்த தவணையில் ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான உங்கள் பழைய குறிப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கற்பிக்கத் தொடங்கும் முன்பே, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, கணக்கில்லாத நான்கைந்து கேள்விகளைக் கொடுத்து விடைத்தாள்களை வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். புள்ளியிட வேண்டாம், சிவப்புப் பேனையைத் தொடவே வேண்டாம். பிழையான விடைகளில் ஒரேமாதிரியான பிழைகளைச் சேர்த்து அடுக்குங்கள். இருபது வருடம் கற்பித்த உங்களுக்கே ஓர் அடுக்காவது ஆச்சரியம் தரும். அந்த அடுக்கிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். முடிந்து இரண்டு கிழமை கழித்து அதே கேள்விகளை மீண்டும் கொடுங்கள். மாதக் கணக்கில் காத்திருக்காமல் செய்தி திரும்பி வரும் வழி இதுதான். செலவு சில தாள்களும் போட்டோக்கொப்பிக் காசும்.

இரண்டாவது, உங்கள் வகுப்பில் ஒரு பெரியவரை உட்காரவைக்க வேண்டும். இதைச் சொன்னால் நம் ஆசிரியர்களுக்கு முகம் சுருங்கும். பாடசாலையில் மேற்பார்வைக்கு வரும் அதிகாரி பாடக்குறிப்பில் திகதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். தனியார் நிலையத்திலோ பக்கத்து அறை ஆசிரியர் போட்டியாளர். ஆகவே கதவு மூடிய அறையில் இருபது வருடம் ஒருவரும் பார்க்காமல் தொழில் செய்ய நம் ஊரில் ஆசிரியருக்கு முடிகிறது. ஒரு நாகஸ்வரக்காரருக்கு அது முடியாது. பக்கத்தில் இருக்கும் தவில்காரர் அன்றிரவே சொல்லிவிடுவார். உங்களுக்குக் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைக் கேளுங்கள். கடைசி வாங்கில் ஒரு மணிநேரம் இருக்கச் சொல்லுங்கள். வகுப்பு எப்படி இருந்தது என்று மட்டும் பிறகு கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது தம்பி" என்பார், தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். எந்த இடத்தில் பின்வாங்குப் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள், எந்தக் கேள்விக்கு நானே விடை சொல்லிவிட்டேன் என்று கேளுங்கள். பதில் சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, அதைக் கேட்டுக்கொள்ளும் தெம்பு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்தப் பக்கம்தான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கும் எண்ணமே கிடையாது" என்று எழுதுகிறீர்கள். சில வரிகள் கழித்து அதையே இன்னொரு விதமாகச் சொல்கிறீர்கள். இதைப் பிள்ளைகளைப் பற்றிய கருத்தாக நான் வாசிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் தொழில்சார் சோர்வை வரையறுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி முழுவதும் தீர்ந்துபோன களைப்பு, தொழிலின் மீது ஏற்படும் விலகலும் கசப்பும், தன்னால் முன்போல் முடியவில்லை என்ற உணர்வு. அதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலைத்தலத்தின் நீடித்த அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது என்றது. மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. நடுவில் உள்ள கசப்பை மட்டும் நீங்கள் பிள்ளைகளின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். என்னிடம் வருகிற தாதியர்களும் வங்கி ஊழியர்களும் இதையேதான் செய்கிறார்கள். தாதியருக்கு நோயாளிகள் மோசம், வங்கிக்காரருக்கு வாடிக்கையாளர்கள் மோசம்.

குடாநாட்டுக் கிணறுகளை நீங்கள் அறிவீர்கள். வற்றாத ஆறு நமக்கில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் அந்தப் படை தாங்கியது. நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்து அளவில்லாமல் இழுத்தால் கிணறு உடனே வற்றுவதில்லை. தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், உவர்த்து வரும். உங்கள் மணிநேரங்கள் குறையவில்லை, வகுப்புகள் குறையவில்லை. வருவதன் சுவைதான் மாறியிருக்கிறது.

ஜாம் போத்தல் விளக்கைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமை உங்களுக்கு உரியதுதான். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிய அந்த யுத்த வருடங்களில், போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு எண்ணெயில் நனைத்து, அந்தச் சுடருக்குப் பக்கத்தில் கொப்பியைச் சாய்த்துப் படித்தவர்கள் நம் தலைமுறைகள். 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி வலிகாமமே வீதிக்கு இறங்கிச் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது உங்களுக்குச் சாதாரணதரப் பரீட்சை வயது இருந்திருக்கும். புத்தகப் பையைத் தலையில் சுமந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தாக்குப்பிடிப்பது அன்றைக்கு உயிர்பிழைக்கும் கலை. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நம் ஊர் மனிதர்களை நாம் அந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறோம்: எவ்வளவு தாங்குகிறான், எத்தனை மணிக்கு எழுகிறான், எத்தனை வருடமாக விடுமுறை எடுக்கவில்லை. இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வரும் ஆசிரியரைப் பார்த்து "கடும் உழைப்பாளி" என்கிறோம். அவர் அடுத்த நாள் காலை பாடசாலையில் முதலாம் பாடவேளையில் எப்படிக் கற்பித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெயர் பெற்றது. பேர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றியது. பத்தாயிரம் மணிநேரம் பயிற்சி செய்தால் எதிலும் வல்லவராகலாம் என்று ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் கதை அங்கிருந்துதான் கிளம்பியது. பயிற்சி நேரத்தின் பங்கு அவர்கள் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்று பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் காட்டியிருக்கிறார்கள், அது இருக்கட்டும். அந்த ஆய்வில் யாரும் மேற்கோள் காட்டாத பகுதிதான் எனக்குப் பிடித்தது. சிறந்த மாணவர்கள் தனியே பயிற்சி செய்தது நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை மணிநேரம்தான், அதையும் இடைவெளி விட்டு விட்டே செய்தார்கள். மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தூங்கினார்கள். மதியத்தில் சிறு தூக்கமும் போட்டார்கள். பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்ட பெற்றோர் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டார்கள்.

இரவு பத்துக்கு வந்து, சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்தாலும் உங்களுக்கு ஐந்தரை மணிநேரத் தூக்கம்தான் மிஞ்சுகிறது. அந்த நிலையில் ஒருவர் உங்கள் பிழையைச் சொன்னால் அது தகவலாகக் காதில் விழாது, அவமானமாகத்தான் விழும். ஆகவே வகுப்புகளில் ஒன்றையாவது விட்டாக வேண்டும். கடன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. வருமானம் குறையும், அதை மறைத்துப் பேசப் போவதில்லை. இந்த வருட உயர்தரப் பரீட்சை முடியும்வரை எதையும் கைவிட வேண்டாம். முடிந்த பிறகு, மனைவியோடு உட்கார்ந்து, மாதக் கடன் தவணை, வீட்டுச் செலவு, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வருவது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் சிறிய வகுப்பைத்தான் விடுவார்கள். நீங்கள் இரவு கடைசி வகுப்பை விடுங்கள், அது எந்த அளவாக இருந்தாலும். மூன்று நான்கு வாரத்தில் தூக்கம் சரியானால் மற்ற வகுப்புகளில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். தூக்கம் கிடைத்தும் களைப்புத் தீரவில்லை, எதிலும் நாட்டமில்லை, பசியில்லை என்றால் என் கடிதத்தோடு நிற்க வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லி உங்கள் வைத்தியரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயும் இதே முகத்தோடு வரும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் மாணவர்கள் சிலர் இன்று அங்கே வைத்தியர்களாக இருக்கக்கூடும், அதுதான் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். போங்கள்.

மகளைப் பற்றி. அவள் உங்களை மதிக்கவில்லை என்று வருந்தித்தான் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள் கெட்டிக்காரியாகத் தெரிகிறாள். "ஒரு கேள்வி கேட்டால் ஒரு வகுப்பே எடுப்பீர்கள்" என்பதை வேறு யாராவது இவ்வளவு சுருக்கமாக உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? உங்கள் மாணவர்களும் அதையேதான் உணர்வார்கள். அவர்களுக்குச் சொல்லத் துணிவில்லை. வீட்டிலேயே ஒரு பரிசோதகர் இருக்கும்போது ஓய்வுபெற்றவரைத் தேடி அலையவும் வேண்டியதில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் மகள். அவளை உங்கள் தொழிலைத் திருத்தும் கருவியாக்கிவிடக் கூடாது. கிழமைக்கு ஓர் இரவு முன்னதாக வீட்டுக்கு வாருங்கள். அவள் படிப்பில் தலையிடாதீர்கள். அவளுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்று கட்டாயம் இருக்கும்: ஏதாவது ஒரு பாட்டு, விளையாட்டு, தொலைபேசியில் படம் வெட்டி ஒட்டும் வித்தை. அதைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். கற்றுக்கொள்கிறவரின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று அப்போது புரியும். பழகாத விரலோடு தடுமாறும்போது அவள் பொறுமையிழந்து "இதுகூடத் தெரியாதா அப்பா" என்பாள். அந்தத் தொனியை எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் குடும்ப நலனுக்காக மட்டும் சொல்லவில்லை. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வு, நூற்றுக்கணக்கான ஆண்களை இளமையிலிருந்து முதுமைவரை தொடர்ந்தது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் யார் நிறைவாக இருந்தார்களோ அவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். ஐம்பது வயதில் இரத்தத்தில் இருந்த கொழுப்பின் (கொலஸ்ட்ரோல்) அளவு அதை அவ்வளவு நன்றாக முன்கூட்டிச் சொல்லவில்லை. அமெரிக்க ஆண்களைப் பற்றிய ஆய்வு அது, நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் நீங்கள் ஐம்பதுக்கு நான்கு வருடம் முன்னால் நிற்கிறீர்கள். மனைவி "விருந்தாளி" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்வதை அவர் நிறுத்திய பிறகு நீங்கள் கடிதம் எழுதியிருந்தால் நான் கூடுதலாகக் கவலைப்பட்டிருப்பேன்.

கடைசியாக, சொந்த நிலையம். இந்த வருடம் வேண்டாம். கட்டட வாடகை, மின்கட்டணம், நேரசூசி, கட்டணம் தராத பெற்றோர், பதாகைக்குப் படம் என்று உங்கள் நேரத்தை அது விழுங்கும்; மிச்சமுள்ள தெம்பையும் கற்பித்தலில் இருந்து எடுத்துவிடும். களைத்த மனிதருக்குப் புதிய தொடக்கம் ஒரு விடுதலைபோலத் தோன்றும், அந்தத் தோற்றத்தை நம்பி முதல் போடாதீர்கள். அடுத்த வருடமும் எண்ணம் இருந்தால், நண்பரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டு பௌதிகவியல் ஆசிரியர்கள் இருக்க வேண்டும், ஒருவர் உங்களைவிடப் பத்து வயதாவது இளையவராக. இருவரும் ஒருவர் வகுப்பில் மற்றவர் மாதத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று உடன்படிக்கையில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டாம் மாதமே அந்த மணிநேரத்தில் ஒரு மீட்டல் வகுப்பு முளைத்துவிடும். நண்பர் வியாபாரி என்றால், "ஒரு சம்பளத்துக்கு இரண்டு பேரா?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால், அவரோடு சேராதீர்கள்.